இன்றைக்கு இருக்கிற தோள்

எழுத வந்ததற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன். வேலைத்தலத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம் எழுதுவதென்றாலும் மகளைப் பக்கத்தில் இருத்தி வைத்துக்கொண்டுதான் எழுதுவேன். ஒரு ஆளைப் பற்றி எழுத என்னிலும் தகுதியானவர்கள் மொன்றியலில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் ஒருவரும் அந்த அக்காவைப் பற்றி எழுதுவதாகத் தெரியவில்லை. அதனால் தெரிந்த அளவுக்கு நான் எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. கடையில் வேலை செய்கிற எல்லோரும் நெஞ்சில் பெயர் அட்டை குத்தியிருக்க வேண்டும். அக்கா தன்னுடைய அட்டையை எழுத்து உள்பக்கம் பார்க்கும்படி திருப்பிக் குத்தியிருப்பார். "பேரு தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க, சாமானைப் பாருங்க" என்பார். மட்டக்களப்பு ஆள். நான் சொல்லப்போகிற காலத்தில் ஐம்பது வயது இருக்கும். குள்ளம், தடித்த கண்ணாடி. லாசாலில், தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கும் ஒரு தெருவில், வேட்டைக்கும் மீன்பிடிக்கும் சாமான் விற்கிற பெரிய கடையில் வேலை. முதல் ஏழெட்டு வருடம் சப்பாத்துப் பகுதியில் நின்றார். பிறகு துவக்குப் பகுதிக்கு, துப்பாக்கி விற்கிற இடத்துக்கு, மாற்றினார்கள். சுவர் நிறையத் துவக்குகள் நிற்க, அதற்கு முன்னால் கண்ணாடி மேசையில் கையை ஊன்றியபடி ஒரு தமிழ்ப் பெண் நிற்பதைக் கண்டால் எங்கள் ஆட்கள் திகைத்துப்போவார்கள். கியூபெக்காரர் திகைப்பதில்லை. மற்ற மேசை சும்மா கிடந்தாலும் அக்காவிடம்தான் வரிசையில் நிற்பார்கள்.

நாளைக்கு அளவாக வரும் என்று சொல்லி அவர் எதையும் விற்கமாட்டார். இன்றைக்கு, இந்த நிமிடம், அளவாக இருக்க வேண்டும். அவரைப் பற்றி நான் எதைச் சொல்ல வந்தாலும் கடைசியில் இதில்தான் வந்து நிற்கிறது.

எங்களுக்கு இது விளங்காத குணம். நாங்கள் பிள்ளைகளுக்கு எதை வாங்கினாலும் வளர்த்திக்கு விட்டு வாங்குகிறவர்கள். சட்டை இரண்டு அளவு பெரிது. சப்பாத்தின் முன்பக்கம் கொஞ்சம் பஞ்சு அடைத்தால் போதும். பனிக்கால ஜக்கெற் மூன்று பனிக்காலத்துக்கு வர வேண்டும். முதல் வருடம் ஜக்கெற்றுக்குள் பிள்ளையைத் தேட வேண்டும், மூன்றாம் வருடம் மணிக்கட்டு வெளியே நிற்கும், நடுவில் ஒரு வருடம் சரியாக இருக்கும். இதைப் பிழை என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அக்கா சொன்னார். அவர் சப்பாத்துப் பகுதியில் நின்ற காலத்தில் ஒருநாள் நான் மீன் தூண்டில் நரம்பு வாங்கப் போயிருந்தேன். எங்கள் ஊர்ப்பக்கத்து ஆள் ஒருவர் தன் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பனிச் சப்பாத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சோடியாகத் தெரிவு செய்து போட்டும் விட்டார்.

"அண்ணன், புள்ளைய ஓடச் சொல்லுங்க" என்றார் அக்கா.

"ஏன் ஓடோணும்?"

"ஓடட்டும். பனியில ஓடாமலா இருக்கப் போகுது?"

பிள்ளை சந்தோசமாக ஓடியது. மூன்றாவது எட்டில் ஒரு சப்பாத்து நடுவழியில் நின்றுவிட்டது. பிள்ளை ஒற்றைக் காலுறையோடு கூடாரம் விரித்து வைத்திருந்த இடம் வரைக்கும் போய்த் திரும்பிப் பார்த்தது.

"அடுத்த வரியம் அளவா வரும்தானே" என்றார் தகப்பன்.

"அப்ப அடுத்த வருசம் வாங்க. கடை எங்கயும் போகாது."

"நீங்கள் விக்க நிக்கிறீங்களோ, ஆக்களைக் கலைக்க நிக்கிறீங்களோ?"

"ரெண்டுக்கும் சேத்துத்தான் சம்பளம்."

அவர் கோபித்துக்கொண்டு போனார். பிறகு அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்து சின்னச் சோடியை வாங்கினார். வெளியில் போன பிறகுதான், பிள்ளை வீட்டிலிருந்து போட்டு வந்த பெரிய சப்பாத்தில் அதன் நடையைக் கவனித்துப் பார்த்திருக்கிறார் போல.

கோயிலிலும் இதே ஆள்தான். ஒரு நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, பிள்ளைகள் நாடகம் போட்டார்கள். பாலன் யேசுவைப் பார்க்க வருகிற மூன்று ராசாக்களுக்கும் தாய்மாரின் பட்டுச் சேலைகளைச் சுற்றி விட்டிருந்தார்கள். திரை விலகப் போகிற நேரம் முன்வரிசையில் இருந்த அக்கா எழும்பினார். கைப்பையில் இருந்து ஒரு பிடி ஊசிகளை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார். சுவாமியார் மணிக்கூட்டைக் காட்டிக் கையசைத்தார். "சுவாமி, ராசா தடக்கி விழுந்தா பாலனுக்கு மேலதான் விழுவான்" என்று அக்கா சத்தமாகச் சொன்னார். சபை முழுக்கச் சிரித்தது. நாடகம் இருபது நிமிடம் பிந்தித் தொடங்கியது. ஒரு ராசாவும் விழவில்லை. அடுத்த வருடம் அக்காவுக்குப் பயந்து தாய்மாரே வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டு வந்தார்கள்.

அவருடைய இடது கைச் சின்னவிரல் மடங்காது. துவக்கைத் தூக்கும்போது அந்த ஒரு விரல் மட்டும் தனியாக வெளியில் நீட்டிக்கொண்டு நிற்கும். பூசைக்குப் பிறகு கோப்பி குடிக்கிற இடத்தில் என் மனைவி அதைப் பற்றிக் கேட்டாள்.

"வந்த முதல் குளிருக்கு மச்சாள் ஒரு கோட்டுத் தந்தா. ஆம்பிளைக் கோட்டு. பெரிசா இருந்தா என்ன, சூடுதானே எண்டா. வேல செய்யிற இடமும் குளிர். போட்டுக்கிட்டே மெசினில நிண்டன். கோட்டுக் கைய பெல்ட் இழுத்திட்டு" என்றார். பிறகு, "சீனி இருக்கா அந்தப் பக்கம்?" என்று கேட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் கதைத்து நான் கேட்டதில்லை.

இனி என் விசயம்.

என்னோடு வேலை செய்த கியூபெக்காரர் ஒருவர் வாத்து வேட்டைக்குப் போகிறவர். நல்ல மனிதர், எனக்காகப் பிரெஞ்சை மெதுவாகப் பேசுவார். அவருடைய மகளும் என் மகளும் ஒரே வகுப்பு. அந்தப் பிள்ளையோடு சேர்ந்து என் மகளும் வேட்டைக்காரருக்கான பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ச் சோதனையிலும் சித்தியடைந்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முன்னால் சிறுவர்களுக்கென்று ஒருநாள் விடுவார்கள். அன்றைக்குப் பெரியவர்கள் சுடக் கூடாது, பக்கத்தில் இருக்கலாம். அந்த நாளுக்குச் சிநேகிதியோடு போக வேண்டும் என்று மகள் விரும்பினாள். அந்த மனிதரின் துவக்குகள் எல்லாம் வளர்ந்த ஆம்பிளையின் அளவு. பிள்ளையின் அளவுக்கு ஒன்று பார், தானே அடுத்த தோட்டாவை ஏற்றுகிற செமி ஆட்டோ என்றால் நல்லது என்றார்.

"வீட்டுக்க துவக்கோ? அதுக்கே நாங்கள் இஞ்ச வந்தனாங்கள்?" என்றாள் மனைவி.

நான் வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, அனுமதிக்கு விண்ணப்பம் நிரப்பினேன். அதில் மனைவியும் கையெழுத்து வைக்க வேண்டும். படிவம் மூன்று கிழமை வாழைப்பழக் கூடைக்குக் கீழே கிடந்தது. எனக்குக் கேட்க வாய் வரவில்லை. மகள்தான் கேட்டாள்.

"அம்மா, நான் ஆக்களைச் சுடப் போகேல்லை. வாத்து."

"வாத்தும் பாவம்தான்."

"நேற்று ரெண்டு கோழிக்கால் சாப்பிட்டனீங்கள்."

மனைவி கூடையை நகர்த்திவிட்டுப் பேனையைக் கேட்டாள்.

அனுமதிப்பத்திரம் வந்த பிறகு ஒரு ஓகஸ்ட் மாதச் சனிக்கிழமை மகளைக் கூட்டிக்கொண்டு அக்காவின் மேசைக்குப் போனேன். நான் ஏற்கெனவே ஒன்றை மனதில் வைத்திருந்தேன். பன்னிரண்டு கேஜ் என்கிற பெரிய வாய், நீளமான குழல், பெரிய ஆள் பிடிக்கிற செமி ஆட்டோ. ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் போதும்.

"வளருற பிள்ளைதானே அக்கா. பேந்து பேந்து வாங்கேலாது."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "இஞ்ச வா கா புள்ள" என்று மகளைக் கூப்பிட்டார். மேசையில் மூன்று துவக்குகளை எடுத்து வைத்தார். ஒவ்வொன்றையும் முதலில் திறந்து உள்ளே ஒன்றும் இல்லை என்று தானும் பார்த்து மகளுக்கும் காட்டினார். முதலாவது ஒற்றைக் குழல், இறகு மாதிரி. "எல்லாத் தகப்பன்மாரும் இதத்தான் எடுப்பாங்க, புள்ளைக்குப் பாரமில்ல எண்டு. பாரமில்லாதது தோள நல்லா உதைக்கும். ரெண்டு வெடியில புள்ள வேட்டைய வெறுத்திரும்" என்றார். இரண்டாவது, கையால் முன்னுக்கும் பின்னுக்கும் தள்ளித் தோட்டாவை ஏற்றுகிறது. மகளின் கை அதுவரைக்கும் எட்டவில்லை. மூன்றாவது, வாய் சிறுத்த இருபது கேஜ் செமி ஆட்டோ, குழலும் குட்டை, தோளில் வைக்கிற பிடங்கும் குட்டை. வெடிக்கிற வாயுவில் ஒரு பங்கே அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும், அதனால் தோளுக்கு வருகிற உதை குறைவு என்று அக்கா விளங்கப்படுத்தினார். "ஆனா துடைச்சு வைக்கோணும். துடைக்காட்டி இடையில நிண்டிரும்."

பிறகு மகளிடம், "கண்ண மூடு. தூக்கித் தோளில வை. வச்சிட்டுத் திற. என்ன தெரியுது?" என்றார்.

நான் விரும்பிய நீளத் துவக்கை அப்படித் தூக்கியபோது மகள், "ஒண்டும் தெரியேல்லை, இரும்புதான் தெரியுது" என்றாள். குட்டைத் துவக்கைத் தூக்கிக் கண்ணைத் திறந்தபோது, "நுனியில இருக்கிற சின்ன மணி தெரியுது. அங்கால அந்தக் கரடிப் பொம்மை" என்றாள்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அக்காவுக்கு இல்லை. "கோட்டு எங்க?" என்றார்.

"ஓகஸ்ட் மாதம் அக்கா."

"வேட்டை ஓகஸ்ட்லயா? குளிருக்குப் போடுறதக் கொண்டு வாங்க."

அடுத்த சனி ஜக்கெற்றோடு போனோம். மூன்று பனிக்காலத்துக்கு வாங்கியதில் அது முதலாம் வருடத்து ஜக்கெற். துவக்கைத் தூக்கினால் அக்குளில் குவிந்து நின்ற துணியில் பிடங்கு சிக்கியது.

"தம்பி, இது புள்ளைட கோட்டா, உங்கட கோட்டா?"

அன்றைக்குத் துவக்கு வாங்கவில்லை. அளவான ஜக்கெற் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தோம். மூன்றாவது சனிதான் அந்தக் குட்டைத் துவக்கைத் தந்தார். அந்தக் காலத்தில் அதையும் அரசாங்கத்தில் பதிய வேண்டும், தொலைபேசியில் அதையும் செய்து முடித்தார். பெட்டிக்குள் கறுப்பு பிளாஸ்ரிக் தகடுகள் இரண்டு இருந்தன. பிள்ளை வளர வளர அவற்றைப் பிடங்குக்குள் வைத்துப் பூட்டி நீட்டலாம்.

"இது இப்ப வேணாம். அடுத்த வருசம் புள்ளையக் கொண்டு வாங்க. நான் பாத்துப் போடுறன். தோள் இன்னைக்கு எங்க இருக்கோ, அங்கதான் துவக்கு வரோணும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு மத்தியானம். மனைவியும் மகளும் பார்க் எக்ஸ்டென்ஷனுக்கு மரக்கறி வாங்கப் போயிருந்தார்கள். நான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். இரண்டு தகடும் தாளில் சுற்றியபடி கிடந்தன. நீளத் திருகாணிகளும் கூட இருந்தன. வாங்கிய சாமானில் ஒரு பகுதி சும்மா கிடக்கிறதே என்று எனக்குப் பொறுக்கவில்லை. வேட்டைக்கு இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கிறது, அதற்குள் வளர்ந்துவிடுவாள், வளராவிட்டாலும் அடுத்த வருடம் வளர்வாள். இரண்டையும் வைத்துப் பூட்டினேன். ஒரு பெருவிரல் அகலம்தான் கூடியது. ஒருவருக்கும் சொல்லவில்லை.

செப்டெம்பரில் அந்தக் கியூபெக்காரர் பிள்ளைகள் இருவரையும் மண் தட்டு எறிந்து சுடப் பழகும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன். முதல் சனிக்கிழமை மகள் இருபத்தைந்து தட்டில் இரண்டைத்தான் உடைத்தாள். அன்று பின்னேரம் சட்டைக் கையை உயர்த்திக் காட்டினாள். தோளில் இல்லை, தோளுக்குக் கீழே புயத்தில், நாவற்பழ நிறத்தில் கன்றிப்போயிருந்தது. இரண்டாவது சனி, விசையை அழுத்துவதற்கு முதலே அவளுடைய கண்கள் மூடிக்கொண்டன. அந்த மனிதர் உதை குறைந்த தோட்டாக்களை மாற்றிப் போட்டுப் பார்த்தார். ஒன்றும் சரிவரவில்லை. மகள் துவக்கைத் திறந்து மேசையில் வைத்துவிட்டுக் காருக்குள் போய் இருந்தாள்.

"நான் சரியான பயந்தாங்கொள்ளி, அப்பா. எனக்கு வேண்டாம். நான் வரேல்லை எண்டு அவளுக்குச் சொல்லிவிடுங்கோ."

அப்போதும் எனக்குத் தகடு நினைவுக்கு வரவில்லை என்று இங்கே எழுதிவிடலாம். அது பொய். முதல் சனியே நினைவுக்கு வந்தது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

சிறுவர்களின் நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. திங்கட்கிழமை வேலை முடிய, துவக்கை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு தனியாக அக்காவிடம் போனேன். "ஏதோ பிழை போல கிடக்கு, ஒருக்காப் பாருங்கோ" என்றேன்.

அக்கா உறையிலிருந்து எடுத்தார். பிடங்கின் நுனியை ஒரே ஒரு தரம்தான் பார்த்தார். பிறகு திருகாணியைக் கழற்றி, இரண்டு தகட்டையும் எடுத்துக் கண்ணாடி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆரு போட்ட?"

"நான்தான்."

"எப்ப?"

"வாங்கின அடுத்த நாள்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "புள்ள என்ன சொல்றா?" என்று கேட்டார்.

"தான் பயந்தாங்கொள்ளியாம். போகேல்லையாம்."

"அவக்கு இது தெரியுமா?"

"இல்லை." பிறகு, இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிற ஒன்றைக் கேட்டேன். "அக்கா, நீங்களே ஒருக்காச் சொல்லிவிடுங்கோவன். துவக்கில பிழை இருந்தது, கடையில திருத்தியாச்சு எண்டு."

"துவக்கில பிழை இல்ல. புள்ளையிலயும் பிழை இல்ல. அப்ப மிச்சம் ஆரு நிக்கிறீங்க?"

நான் தகடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"தகட்ட நான் கழட்டிட்டன் தம்பி. அந்தப் புள்ளைட தலைக்குள்ள நீங்க போட்டத நீங்கதான் கழட்டணும். அதுக்குரிய சாவி என்னட்ட இல்ல" என்றார். துவக்கை எடுத்துப் பின்னால் பூட்டி வைத்தார். "இது இஞ்ச நிக்கட்டும். சொல்லிட்டுக் கூட்டிட்டு வாங்க. சொல்லாம வந்தா அவட முகத்தப் பாக்க எனக்குத் தெரியும்."

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்ட பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். வழியில் சொல்ல முடியவில்லை. கடை வாசலில் காரை நிறுத்தினேன். அங்கேயும் முடியவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், அக்கா யாருக்கோ தோட்டாப் பெட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் காரைக் கண்டும் காணாதது போல நின்றார்.

"அப்பா, இறங்கேல்லையா?"

"நீ பயந்தாங்கொள்ளி இல்லை. நான் அந்தத் தகட்டைப் போட்டிட்டன்" என்றேன். இதற்கு முன்னால் ஒன்றும் சொல்லாமல் நேரே இதைத்தான் சொன்னேன். பிறகு முழுவதையும் சொன்னேன்.

மகள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டையும்?"

"ரெண்டையும்."

"ரெண்டு கிழமையா நான் இரவிரவா அழுதனான், அப்பா."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

கதவை ஓங்கி அடித்துவிட்டு இறங்கிப் போனாள். நான் காருக்குள்ளேயே இருந்தேன். கண்ணாடிக் கதவுக்கூடாக அக்கா அவளுடைய முகத்தை முதலில் பார்ப்பது தெரிந்தது. பிறகுதான் துவக்கை எடுத்து வந்தார். மகள் கண்ணை மூடினாள், தூக்கினாள், திறந்தாள். அக்கா ஏதோ கேட்டார். மகள் ஏதோ சொன்னாள். திரும்பவும் ஒரு தரம். திரும்பவும். பத்துத் தரமாவது செய்திருப்பார்கள். கடைசியில் அக்கா அந்த மடங்காத விரல் நீட்டிய கையால் என்னை உள்ளே வரச் சொன்னார். ஒன்றும் கேட்கவில்லை. "தகடு ரெண்டும் என்ட மேசை லாச்சியில இருக்கட்டும். உங்கட வீட்டில வச்சா அதுக்குக் கால் முளைக்கும்" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சிவப்பு விளக்கில் நின்றபோதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"வேற என்னென்ன பெரிசா வச்சிருக்கிறீங்கள்?"

யோசித்துவிட்டு, "உன்ர சைக்கிள்" என்றேன்.

"அது எனக்கு எப்பவோ தெரியும்" என்றாள். பக்கத்துக் காரில் இருந்தவர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். பிறகு, கோபம் இன்னும் போகவில்லை என்று எனக்கு ஞாபகப்படுத்துவதற்காக மறுபடி வெளியே பார்க்கத் தொடங்கினாள்.

அடுத்த வருடம் அக்கா ஒரு தகட்டைப் போட்டுத் தந்தார். இரண்டாவதைப் போடுவதற்கு முன்னால் அவர் தன் மகளோடு இருக்க ரொறொன்ரோவுக்குப் போய்விட்டார். போகும்போது அதை ஒரு கடித உறையில் போட்டு எங்கள் பெயரை எழுதிக் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்றைக்கும் உறைக்குள்தான் இருக்கிறது. மகள் அதற்கு மேல் வளரவில்லை. அக்காவின் புது விலாசத்தை வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

அந்த முதல் வருடம், சிறுவர்களின் நாளான சனிக்கிழமை விடிய, ஆற்றின் தென்கரையில் நாணலுக்குள் மறைவு கட்டி இருந்தோம். அந்த மனிதரும் அவருடைய நாயும் ஒரு பக்கம், பிள்ளைகள் நடுவில், நான் கவிழ்த்து வைத்த வாளியின் மேல். குளிர்ந்தது. நான்கைந்து வாத்துகள் வந்தன, இரண்டு பிள்ளைகளும் சுட்டார்கள், ஒன்றும் விழவில்லை. மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு தோட்டா ஏற்றினாள். புயத்தைத் தடவவில்லை. பிறகு நெடுநேரம் ஒன்றும் வரவில்லை. மேகம் வெளுத்த பிறகு ஒரு சோடி தாழப் பறந்து நேரே எங்களை நோக்கி வந்தது. "உன்னுடைய முறை" என்று அந்த மனிதர் பிரெஞ்சில் மெல்லச் சொன்னார். மகள் எழும்பினாள். நான் வாத்துகளைப் பார்க்கவில்லை. அவளுடைய கண்களைப் பார்த்தேன். வெடி கேட்டது. கண்கள் இரண்டும் திறந்தபடி இருந்தன. வெடிக்குப் பிறகும் திறந்தபடி, எதையோ தொடர்ந்து பார்த்துக் கீழே இறங்கின. நான் திரும்பிப் பார்த்தபோது நாய் தண்ணீருக்குள் பாய்ந்துவிட்டது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. மழை பெய்தது. மகளும் நானும் துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசிப் பூட்டி வைத்தோம். மத்தியானம் வாத்துக் கறி. இறைச்சி கொஞ்சம் வேகாமல் இருந்தது.